வாகட் வீட்டுக்குக் கொண்டுபோன கோதடி

தீபாவளிக்கு யாருக்கு என்ன கொடுப்பது என்ற பேச்சு வந்தாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும். மராட்டி ஊரான ஆகுர்டியில் எங்கள் கட்டிடத்தில் பன்னிரண்டு வீடுகள். வருடாவருடம் பன்னிரண்டு வீடுகளும் ஒன்றுக்கொன்று பிளாஸ்டிக் டப்பாவும் கண்ணாடித் தம்ளரும் கொடுத்துக்கொள்ளும். மூடி ஒழுங்காகப் பொருந்தும் ஒரு டப்பாவை இந்த இருபது வருடத்தில் நான் பார்த்ததில்லை. அதில் போட்டு வைத்த சக்லி முறுக்கு மறுநாளே நமுத்துப்போகும். அடுத்த வருடம் அந்த டப்பா வேறு காகிதம் சுற்றிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போகும்.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். இரண்டாயிரத்துக்குப் பிறகு எல்லாப் பள்ளிகளிலும் சுற்றுச்சூழல் கிளப் ஆரம்பித்தார்கள். எங்கள் பள்ளியில் அது என் தலையில் விழுந்தது. பிளாஸ்டிக் வேண்டாம், கையால் செய்த பொருளை வாங்குங்கள், நம் ஊரில் செய்ததை வாங்குங்கள் என்று பிள்ளைகளுக்குத் தொண்டை வறளச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து அதே டப்பாக்களைப் பரிசுக் காகிதத்தில் சுற்றுவது எனக்கே கேவலமாக இருந்தது. ஒரு வருடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டேன். இந்தத் தீபாவளிக்கு ஃபேக்டரியில் செய்த எதுவும் என் வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகாது.

என் கணவர் வண்டி செய்யும் ஃபேக்டரியில் வேலை பார்த்தார். "ஃபேக்டரி சாமான் ஆகாதுன்னா என் சம்பளமும் ஆகாதா?" என்றார். நான் சிரிக்கவில்லை. கிண்டல் செய்வதைத் தவிர வேறு உதவி எதுவும் அவரிடமிருந்து வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

அந்த வருடம்தான் வாகடிலிருந்து என் நாத்தனார் போன் செய்தாள். கணவரின் ஒரே தங்கை. மாப்பிள்ளைக்கு ஹிஞ்ஜேவாடியில் வேலை கிடைத்து ஜூன் மாதம் சென்னையிலிருந்து குடிவந்திருந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் அரை மணி நேரம்கூட ஆகாது. மூன்று மாதத்தில் நாங்கள் போனது ஒரே ஒரு தடவை. பால் காய்ச்சிய அன்று போய், சோபா நுனியில் உட்கார்ந்து, கேசரி சாப்பிட்டுவிட்டு வந்தோம். அவள் எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை. என் மாமியார் பன்னிரண்டு வருடம் எங்களோடு இருந்தார். அதற்கு மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஜூலை மாதம் காலையில் எங்கள் வீட்டில்தான் இறந்தார். நாத்தனார் அப்போது ரயிலில் வந்துகொண்டிருந்தாள். வெளியே விடாத மழை. சீக்கிரம் எடுத்துவிடலாம் என்று கட்டிடத்துப் பெரியவர்கள் ஆளாளுக்கு அவசரப்படுத்தினார்கள். இவரும் தலையாட்டிவிட்டார். அவள் பை நனைய வந்து நின்றபோது எல்லாம் முடிந்திருந்தது. "நாலு மணி நேரம் வச்சிருக்கக் கூடாதாண்ணே?" என்று ஒரு தடவைதான் கேட்டாள். அதற்குப் பிறகு காரியம் முடியும்வரை இருந்தாள், அம்மாவின் நகைகளை நான் எடுத்துக் கொடுத்தபோது வாங்கிக்கொண்டாள், கிளம்பினாள். பொங்கலுக்கு ஒரு போன், தீபாவளிக்கு ஒரு போன் என்று உறவு சுருங்கிப்போனது.

அப்படிப்பட்டவள் போன் செய்து, "அண்ணி, இங்க எல்லார் வீட்டுக்கும் அண்ணன் தம்பி வருவாங்களாம். பாவுபீஜாம். எங்கண்ணனைக் கூட்டிட்டு வாங்க. நான் சமைக்கிறேன்" என்றாள்.

பாவுபீஜ் என்பது மராட்டிக்காரர்கள் தீபாவளியை முடிக்கும் நாள். சகோதரி ஆரத்தி எடுப்பாள், சாப்பாடு போடுவாள், அண்ணன் தம்பிமார் தட்டில் ஏதாவது வைப்பார்கள். மதுரையில் பிறந்த இவர்களுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் அவளுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. ஊர்ப் பழக்கம் கொடுத்த சாக்கை அவள் பிடித்துக்கொண்டாள். விஷயத்தைச் சொன்னதும் என் கணவர் பால்கனிக்குப் போய், தன் வாழ்நாளில் தண்ணீர் ஊற்றியிராத துளசிக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினார். தங்கை திரும்பக் கிடைத்துவிடுவாளா என்று அவர் ஏங்கியது எனக்குப் புரிந்தது. இந்த ஒரு அழைப்பை நாம் வீணடித்துவிடக் கூடாது என்று நானும் நினைத்தேன்.

தட்டில் என்ன வைப்பது? "உனக்குத் தெரியாததா, பார்த்துச் செய்" என்றார். முப்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் என்னை அதிகம் எரிச்சல்படுத்திய வாக்கியம் இதுதான்.

புது வீட்டுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும், அது கையால் செய்ததாக இருக்க வேண்டும், இந்த ஊரில் செய்ததாக இருக்க வேண்டும் என்று நான் அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் லோக்கல் ரயில் பிடித்து ஊருக்குள் போவேன். ஒரு கண்காட்சியில் மூங்கில் விளக்குக் கூடு அழகாக இருந்தது. 'கையால் செய்தது' என்று அட்டை வேறு தொங்கியது. விரலால் சுரண்டிப் பார்த்தால் பிளாஸ்டிக் நார். கேட்டதற்கு, "கையாலதான் மேடம் பின்னுவாங்க" என்றார் விற்பவர். அதுவும் டெல்லியிலிருந்து லாரியில் வந்ததாம். அகல் விளக்கு விற்கும் இடத்தில் எங்கே செய்தது என்று கேட்டேன். குஜராத் என்றார்கள். இங்கே குயவர்களே இல்லையா என்று கேட்டால், இருக்கிறோம், ஆனால் இதைக் கொண்டுவந்து விற்பதுதான் சுலபம் என்றார் ஒரு குயவரே. அவர்மேல் கோபப்பட எனக்கு என்ன உரிமை? ஆனாலும் கோபம் வந்தது.

பழைய பேட்டைக்குள் செம்புப் பாத்திரம் அடிக்கும் சந்து ஒன்று உண்டு. அங்கே மட்டும் உண்மையிலேயே கையால் அடித்தார்கள், காது செவிடாகும் அளவுக்கு. ஒரு குடத்தை எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு நாத்தனாரின் சமையலறை ஞாபகம் வந்தது. பளபளவென்ற கறுப்புக் கல், சுவரோடு சுவராகக் கதவு போட்ட அலமாரிகள். அந்தக் குடத்துக்கு யார் புளி போட்டுத் தேய்ப்பது? ஆறு மாதத்தில் பச்சை பூத்து, பால்கனியில் செடித் தொட்டியாகிவிடும். வைத்துவிட்டு வெறுங்கையோடு ரயில் ஏறினேன். கால் வலியும் தலைவலியும்தான் மிச்சம். கிளப் பிள்ளைகளுக்கு நான் எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டேன், உள்ளூரில் செய்ததை வாங்குங்கள் என்று! வாங்கிப் பார்த்தவளா சொன்னேன்?

மறுநாள் எதிர்வீட்டு மராட்டிக்கார அம்மா மாடிக் கைப்பிடிச் சுவரில் கோதடி காயப்போட்டிருந்தார். கோதடி என்றால் பழைய நூல் சேலைகளை அடுக்கடுக்காக வைத்து, கையால் நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டுத் தைக்கும் கனமான போர்வை. நான் பிறந்து வளர்ந்த கட்கி ராணுவ ஃபேக்டரிக் குவார்ட்டர்ஸிலும் மராட்டி வீடுகள் எல்லாவற்றிலும் அது உண்டு. அத்தனை வருடம் பார்த்தும் கண்ணில் படாத பொருள் அன்றைக்குத்தான் பட்டது.

"இது எங்கம்மா கட்டின ஒன்பது கஜப் புடவைங்க. குளிருக்குப் போர்த்திக்கிட்டா அம்மா பக்கத்துல படுத்த மாதிரி இருக்கும்" என்று மராட்டியில் சொன்னார் அவர்.

எனக்குச் சுருக்கென்றது. பரணில் டிரங்குப் பெட்டியில் மாமியாரின் சேலைகள் பதினொன்று ரசகற்பூர உருண்டையோடு கிடந்தன. பழைய நூல் சேலைகள், பாதி சுங்குடி. நகையை மகளுக்குக் கொடுத்த எனக்கு இதைக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. வெளுத்துப்போன சேலை யாருக்கு வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது பாருங்கள், கையால் செய்தது, இந்த ஊரில் செய்தது, புதிதாக ஒரு கஜம் துணிகூட வாங்காமல் செய்தது, அதுவும் அம்மாவின் சேலையில்! என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அன்று இரண்டு தடவை காப்பி போட்டுக் குடித்தேன்.

ரயில் தண்டவாளத்தை ஒட்டிய சால் என்ற ஒண்டுக்குடித்தனத்தில் கோதடி தைக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். என் வயதுதான் இருக்கும். வாயில் ஊசியை வைத்துக்கொண்டே பேசுவாள், பார்க்கவே பயமாக இருக்கும். சேலைகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மேலே இரண்டு, கீழே இரண்டு, உள்ளே மீதி என்று முழுதாகவே மடித்து வைத்துத் தைத்துவிடலாம், சீக்கிரம் முடியும் என்றாள். எனக்கு அது போதவில்லை. கண்காட்சியில் பார்த்திருந்தேனே, சதுரம் சதுரமாக வெட்டி, நிறம் மாற்றி மாற்றி வைத்து, நடுவில் பூ மாதிரி வரும்படி. பரிசு என்றால் பார்த்த உடனே அழகாகத் தெரிய வேண்டாமா? வாகட் வீட்டு சோபாவில் போட்டால் நாலு பேர் எங்கே வாங்கினாய் என்று கேட்க வேண்டாமா?

"எல்லாத்தையுமா வெட்டணும்?" என்றாள்.

"எல்லாத்தையும்தான். உள்ளே வைக்க நான் பழைய பெட்ஷீட் தர்றேன்" என்றேன், எனக்குத் தெரிந்த மராட்டியில், டீச்சர் குரலில்.

வெட்டினாள். கத்தரிக்கோல் போன வேகத்தில் அரை மணியில் பதினொரு சேலையும் சதுரங்களாகிவிட்டன. தைப்பதில்தான் அந்த வேகம் இல்லை. நவராத்திரிக்கு முன் தருகிறேன் என்றவள் தசராவுக்குப் பின் என்றாள். பிறகு எப்போது போனாலும் "உத்யா யா", நாளைக்கு வாங்க. எந்த நாளைக்கு என்று மட்டும் சொல்ல மாட்டாள். ஒரு தடவை அவளுக்குக் காய்ச்சல், ஒரு தடவை ஓரவத்திக்கு வளைகாப்பு. ஏழு தடவை நடந்தேன். கையால் செய்வது என்றால் கைக்குக் காய்ச்சலும் வரும், ஓரவத்தியும் இருப்பாள் என்பது எனக்கு ஏன் உறைக்கவில்லை? ஒரு நாள் ஆத்திரத்தில் வாசலிலேயே நின்று கத்திவிட்டேன். அவள் வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு, "மெஷின் தையல் வேணும்னா கடையில இருக்கு வஹினி" என்றாள், அண்ணி முறை வைத்தே. வந்த வழியே திரும்பி நடந்தேன்.

பாவுபீஜுக்கு முதல் நாள்தான் கையில் கிடைத்தது. அவ்வளவு எரிச்சலிலும் சொல்ல வேண்டும், அழகாகத்தான் இருந்தது. தையல் ஒவ்வொன்றும் அரிசி அளவு. என் கணவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா சேலையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. அன்றைக்காவது அவர் வாயைத் திறந்து ஏதாவது சொல்லியிருக்கலாம்.

வாகடில் நாத்தனார் பலகை போட்டு, கோலம் போட்டு, அண்ணனை உட்கார வைத்து ஆரத்தி எடுத்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டுக் கேட்டுச் செய்தாள். இவருடைய கண் கலங்கியிருந்தது, அவளும் சிரித்த முகமாக இருந்தாள். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. தட்டுக்குப் பக்கத்தில் நான்தான் பொட்டலத்தை எடுத்து வைத்தேன். கடைக் காகிதம்கூடச் சுற்றவில்லை, பழைய செய்தித்தாளில் பூ வரைந்து சுற்றியிருந்தேன்.

பிரித்தாள். முதலில், "ஐயோ, நல்லா இருக்கே அண்ணி, எங்க வாங்கினீங்க?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அவளுடைய கை நின்றுவிட்டது. ஒரு பழுப்புச் சுங்குடிச் சதுரத்தை விரலால் தடவினாள். பக்கத்தில் இருந்த சாம்பல் நிறத்தை. அதற்கடுத்த பாட்டில் பச்சையை. மடியில் போட்டு, ஒவ்வொரு மூலையாகத் திருப்பித் திருப்பி எதையோ தேடினாள்.

"அம்புட்டையுமா வெட்டிட்டீங்க?"

"கோதடின்னா அப்படித்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"ஒண்ணுகூட முழுசா இல்லையா அண்ணி? ஒண்ணாவது?"

இல்லை என்றேன். அவள் சத்தம் போடவில்லை. "நான் ஒண்ணை எடுத்துக் கட்டியிருப்பேன்" என்றாள். அவ்வளவுதான். எழுந்துபோய் எல்லோருக்கும் சாப்பாடு போட்டாள். வடை, பாயசம், எல்லாம் இருந்தது. திரும்பும் வழியில் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து நான் கத்திக்கொண்டே வந்தேன். வேண்டுமென்றால் கேட்டிருக்க வேண்டியதுதானே, மூன்று வருடமாக வாயில் என்ன கொழுக்கட்டையா? அவர், "அவ கேக்கணுமா?" என்றார். முப்பது வருடத்தில் அவர் என்னிடம் சொன்ன கடுமையான சொல் அதுதான். எனக்கு அழுகை வந்தது, அது துக்கத்தால் இல்லை, ஆத்திரத்தால். இரண்டு மாதம் அலைந்தவள் நான். படுக்கையில் கிடந்த மாமியாருக்கு எல்லாம் செய்தவள் நான். கடைசியில் குற்றவாளியும் நானா?

அதற்குப் பிறகு அவளிடமிருந்து போன்கூட வரவில்லை. பொங்கலுக்கு வந்த போனையும் மாப்பிள்ளைதான் செய்தார். ஜனவரிக் குளிரில் ஒரு சனிக்கிழமை, இவர் வரமாட்டேன் என்றதால், நான் மட்டும் ஆட்டோ பிடித்து வாகட் போனேன். மன்னிப்புக் கேட்கும் எண்ணமெல்லாம் இல்லை. பேசித் தீர்த்துவிட வேண்டும் என்ற வேகம்தான்.

நாத்தனாரே கதவைத் திறந்தாள். உள்ளே கூடத்துத் தரை முழுக்கத் துணிச் சதுரங்கள். கோதடி பாதி பிரிந்து கிடந்தது. ஊசி முனையால் தையலை ஒவ்வொன்றாகத் தூக்கி, நூலை உருவி, சதுரங்களை நிறம் வாரியாக அடுக்கியிருந்தாள். பழுப்பில் பதினாறு, பச்சையில் ஒன்பது என்று சேர்த்துச் சேர்த்து ஒரு சேலையை நீளவாக்கில் தரையில் பரப்பிக்கொண்டிருந்தாள். நடுவில் நிறைய இடம் காலியாக இருந்தது.

எனக்கு ரத்தம் கொதித்தது. "என்னது இது? பைத்தியமா உனக்கு? அந்தப் பொம்பள ரெண்டு மாசம் தைச்சது! நான் ஏழு தடவை நடந்து வாங்கினது! இதை ஒட்டினா சேலையாயிடுமா?"

"ஆகாதுன்னு எனக்குத் தெரியும் அண்ணி" என்றாள், தலை நிமிராமல். ஊசி போய்க்கொண்டே இருந்தது.

நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். திட்டுவதற்கு வாயில் இன்னும் நிறைய இருந்தது. அப்போது அவள் கேட்டாள்: "அம்மா போனப்ப எந்தச் சேலை கட்டியிருந்தாங்க? அது எதுன்னு கண்டுபிடிக்கலாம்னுதான் பிரிச்சேன். இதுல எது?"

"இதுல எதுவும் இல்லை. கடைசி ஒரு மாசம் உங்கம்மா சேலையே கட்டலை. நைட்டிதான். என்னோட நைட்டி" என்றேன், கடுப்போடு.

ஊசி நின்றது. அவளுடைய அம்மா நைட்டி போட்டு அவள் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு யாராவது வந்தால் மாமியார் கழுத்துவரை போர்வையை இழுத்து மூடிக்கொள்வார், மகளிடம் போனில் சொல்லிவிடாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். இதையெல்லாம் அவளிடம் நான் சொன்னதே இல்லை. அன்றைக்கு வந்ததும் வராததுமாக 'வச்சிருக்கக் கூடாதா' என்று அவள் கேட்டுவிட்ட கோபத்தில், இவளுக்கு எதையும் சொல்லப்போவதில்லை என்று வைராக்கியமாக இருந்துவிட்டேன். மூன்று வருடம் இருந்தேன்.

"ஆனா அன்னைக்குக் காலையில சேலைதான்" என்றேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி இருந்தது. "நீ ரயில்ல வந்துக்கிட்டிருக்கேன்னு உங்கண்ணன் சொன்னாரு. உடனே, 'புள்ள வர்றா, என்னை இந்தக் கோலத்துல பார்க்க வேணாம், சேலை கட்டிவிடு'ன்னாங்க. படுத்த படுக்கையில எப்படிக் கட்டறது? நானும் எதிர்வீட்டம்மாவும் புரட்டிப் புரட்டிக் கட்டினோம். சந்தனக் கலர், அரக்கு பார்டர். கொசுவம் சரியா வரலைன்னு அந்த நிலைமையிலயும் என்னைத் திட்டினாங்க. அப்புறம் தலையை வாரச் சொன்னாங்க. வாரிக்கிட்டு இருக்கும்போதுதான்... அந்தச் சேலையோடயே அனுப்பிட்டோம்."

அவள் கையிலிருந்த பச்சைச் சதுரத்தைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்றும் நினைத்தேன். வாசல் கதவு திறந்தபடியே இருந்தது. எழுந்துபோய் அதைச் சாத்திவிட்டு வந்து, துணிகளை ஒதுக்கிவிட்டு, என்னை ஒட்டி உட்கார்ந்தாள்.

"மறுபடி சொல்லுங்க அண்ணி" என்றாள். "முதல்லேர்ந்து."

முதலிலிருந்து சொன்னேன்.